வைப்புக் காப்பீட்டு வரம்பு ஐந்து லட்சம்: டெல்டா குடும்பங்களுக்கு இது போதுமா?

மண்ணியாறு (சோழபுரம்) எழுதியது:

சேத்தியாத்தோப்பிலிருந்து சோழபுரம் வழியாகத் தஞ்சாவூர் செல்லும் நான்கு வழிச் சாலைக்கு நிலம் கொடுத்த குடும்பங்கள் எங்கள் பகுதியில் பல உள்ளன. தலைமுறை தலைமுறையாகச் சாகுபடி செய்த நிலத்துக்குப் பதிலாகக் கணக்கில் வந்து சேர்ந்த இழப்பீட்டை, பழக்கப்பட்ட ஒரே வங்கிக் கிளையில் நிரந்தர வைப்பாகப் போட்டுவிட்டு, அதன் வட்டியில் வீட்டுச் செலவைப் பார்த்துக்கொள்ளும் முதியவர்களை நான் அறிவேன். அந்த வங்கி நொடித்துப்போனால், அசலும் வட்டியும் சேர்த்து ஒருவருக்கு ஐந்து லட்சம் ரூபாய் வரைதான் காப்பீடு உண்டு என்பது அவர்களில் பலருக்குத் தெரியாது.

ரிசர்வ் வங்கிக்கு முழு உடைமையான வைப்புக் காப்பீடு மற்றும் கடன் உத்தரவாதக் கழகம்தான் இந்தப் பாதுகாப்பை வழங்குகிறது. கேரளத்தின் பாலை சென்ட்ரல் வங்கி 1960-இல் மூடப்பட்ட அதிர்ச்சிக்குப் பிறகு சட்டம் இயற்றப்பட்டு, 1962-இல் 1,500 ரூபாய் வரம்போடு இத்திட்டம் தொடங்கியது. 1993-இல் ஒரு லட்சமாக உயர்ந்த வரம்பு, அடுத்த இருபத்தேழு ஆண்டுகள் அசையாமல் நின்று, 2020 பிப்ரவரியில்தான் ஐந்து லட்சமானது. இடைப்பட்ட காலத்தில் நிலத்தின் விலையும் மருத்துவச் செலவும் எங்கே போய்விட்டன என்பதை நான் சொல்லத் தேவையில்லை.

காப்பீட்டுக்கான பிரீமியத்தை வங்கிகள்தான் கட்டுகின்றன, வைப்பாளரிடம் வசூலிக்கக் கூடாது என்பது உண்மையே. ஆனால் 2020 ஏப்ரலில் நிர்ணயிக்கப்பட்ட, நூறு ரூபாய்க்கு ஆண்டுக்கு 12 பைசா வரையிலான அந்தக் கணக்கு, காப்பீடு பெற்ற ஐந்து லட்சத்துக்கு மட்டும் போடப்படுவதில்லை. முழு வைப்புத் தொகைக்கும் போடப்படுகிறது. இருபது லட்சம் வைத்திருக்கும் ஒருவரின் பணத்துக்கு 2,400 ரூபாய் வரை பிரீமியம் போகிறது, பாதுகாப்போ அதில் கால்பங்குக்குத்தான். அறுபது வயதைக் கடந்தவர்களுக்காவது இந்த வரம்பை இருபது லட்சமாக உயர்த்த வேண்டும் என்பது என் வாதம்.

காவிரிக்கரை (மயிலாடுதுறை) எழுதியது:

அரசுடைமை வங்கி ஒன்றில் நெடுங்காலம் பணியாற்றி ஓய்வுபெற்றவன் என்ற முறையில் தம்பியின் அக்கறையைப் புரிந்துகொள்கிறேன், முடிவை ஏற்கவில்லை.

கணக்குகளின் எண்ணிக்கையை எடுத்துக்கொண்டால், நாட்டில் 97 சதவீதத்துக்கும் மேற்பட்ட வைப்புக் கணக்குகள் இன்றைய வரம்புக்குள்ளேயே முழுமையாக அடங்கிவிடுகின்றன. பணத்தின் மதிப்பை எடுத்துக்கொண்டால் பாதிக்கும் குறைவான தொகைதான் காப்பீட்டுக்குள் வருகிறது. அதாவது வெளியே நிற்பது பெரும்பாலும் பெருந்தொகை வைத்திருப்பவர்களும் நிறுவனங்களும்தான். வரம்பை உயர்த்தினால் அதன் செலவு எல்லா வங்கிகள் மீதும், சுற்றிவளைத்து எல்லா வைப்பாளரின் வட்டி மீதும் விழும். பலன் மேல்தட்டில் உள்ள சிலருக்குப் போகும். அது மட்டுமன்றி, எவ்வளவு போட்டாலும் பாதுகாப்பு உண்டு என்று ஆகிவிட்டால், கூடுதலாக அரை சதவீத வட்டி தரும் நலிந்த வங்கியை நோக்கிப் பணம் தயக்கமின்றி ஓடும், அந்த வங்கியும் அந்தப் பணத்தைத் தயக்கமின்றிக் கடனாக வாரி இறைக்கும்.

தாங்கள் சொல்லும் முதியவர்களுக்குச் சட்டத்திலேயே வழி இருக்கிறது. ஒரே வங்கியின் கும்பகோணம் கிளையில் போட்டாலும் சோழபுரம் கிளையில் போட்டாலும் ஒரே தகுதியில், அதாவது ஒரே பெயரில் ஒரே உரிமையில், உள்ள தொகை அனைத்தும் கூட்டப்பட்டு ஐந்து லட்சம்தான். ஆனால் கணவர் தனிப்பெயரில் வைத்தது, மனைவி தனிப்பெயரில் வைத்தது, இருவரும் கூட்டாக வைத்தது ஆகிய மூன்றும் மூன்று தகுதிகள்; ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே ஐந்து லட்சம் உண்டு. வேறொரு வங்கிக்குப் போனால் கணக்கு மீண்டும் முதலிலிருந்து தொடங்கும். அதற்கும் மேல் இருந்தால் அஞ்சலகம் இருக்கிறது. மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் முப்பது லட்சம் வரை போடலாம். அங்கே காப்பீடு என்ற பேச்சுக்கே இடமில்லை, மத்திய அரசே பொறுப்பு.

பெரிய வங்கிகள் தடுமாறியபோது வைப்பாளரின் பணம் போய்விடவில்லை என்பதையும் மறக்க வேண்டாம். தஞ்சாவூர் வங்கி 1990-இல் இந்தியன் வங்கியோடு இணைக்கப்பட்டதை இந்த மாவட்டங்களில் மூத்தவர்கள் நினைவில் வைத்திருப்பார்கள். கரூரில் தொடங்கப்பட்ட லட்சுமி விலாஸ் வங்கிக்கு 2020 நவம்பரில் பணம் எடுப்பதைக் கட்டுப்படுத்தும் தடை விதிக்கப்பட்டு, அதே மாதத்தில் டிபிஎஸ் வங்கியோடு இணைக்கப்பட்டபோதும் பங்குதாரர்கள்தான் முதலை இழந்தார்கள், வைப்பாளர்கள் இழக்கவில்லை.

மண்ணியாறு (சோழபுரம்) எழுதியது:

ஐயா, நலிந்த வங்கி எது என்று வைப்பாளர் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்ற எதிர்பார்ப்பில்தான் எனக்கு உடன்பாடில்லை. பஞ்சாப் மகாராஷ்டிரா கூட்டுறவு வங்கி 2019-இல் முடக்கப்பட்டபோது, அதன் கடன்களில் எழுபது சதவீதத்துக்கு மேல் ஒரே கட்டுமானக் குழுமத்துக்குப் போயிருந்ததும், அதை மறைக்க ஆயிரக்கணக்கான போலிக் கணக்குகள் எழுதப்பட்டிருந்ததும் வெளியாயின. தணிக்கையாளர்களும் ரிசர்வ் வங்கியின் ஆய்வாளர்களும் ஆண்டுக்கணக்கில் கண்டுபிடிக்காத ஒன்றை, உளுந்தும் நெல்லும் விற்று வாழ்ந்த ஒரு பெரியவர் எந்த ஏட்டைப் புரட்டிக் கண்டுபிடிப்பார்? அந்த வங்கி 2022 ஜனவரியில் வேறொரு வங்கியோடு இணைக்கப்பட்டது. ஐந்து லட்சத்துக்கு மேல் வைத்திருந்தவர்களுக்கு மீதித் தொகை தவணைகளாகத் தரப்படும் என்றும், கடைசிப் பகுதி பத்து ஆண்டுகள் கழித்தே கிடைக்கும் என்றும் திட்டம் வகுக்கப்பட்டது. எழுபது வயதில் இருப்பவரிடம் பத்து ஆண்டுகள் காத்திருக்கச் சொல்வது பணத்தைத் திருப்பித் தருவதாகுமா?

ஓடம்போக்கி (திருவாரூர்) எழுதியது:

தொகையைப் பற்றி இருவரும் வாதிடுகிறீர்கள். காலத்தைப் பற்றி ஒன்று சொல்ல விரும்புகிறேன். முன்பு வங்கி கலைக்கப்பட்டால்தான் காப்பீட்டுப் பணம் வரும். பணம் எடுக்க ரிசர்வ் வங்கி தடை மட்டும் விதித்துவிட்டுக் கலைக்காமல் வைத்திருந்தால் வைப்பாளர் ஆண்டுக்கணக்கில் நடுத்தெருவில் நிற்க வேண்டியதுதான். 2021-இல் நடைமுறைக்கு வந்த சட்டத்திருத்தம் இதை மாற்றி, தடை விதிக்கப்பட்ட நாளிலிருந்து 90 நாட்களுக்குள் காப்பீட்டுத் தொகையைத் தர வேண்டும் என்று கட்டாயமாக்கியது. முதல் 45 நாட்களில் வங்கி பட்டியலைக் கொடுக்க வேண்டும், மீதி நாட்கள் சரிபார்ப்புக்கும் பட்டுவாடாவுக்கும். இது பெரிய முன்னேற்றம் என்பதில் ஐயமில்லை.

ஆயினும் நம் மாவட்டங்களில் 90 நாட்கள் என்பது ஏறக்குறைய ஒரு முழுப் போகம். ஜூன் 12-ஆம் தேதி மேட்டூர் அணை திறக்கப்பட்டு, நாற்றங்காலுக்கும் உழவுக்கும் நடவுக்கும் அடுத்தடுத்துப் பணம் தேவைப்படும் வாரத்தில் கணக்கு முடக்கப்பட்டால், செப்டம்பரில் வந்து சேரும் பணத்தால் அந்தக் குறுவைக்கு எந்தப் பயனும் இல்லை; அதற்குள் வட்டிக்கு வாங்கியிருப்போம், அல்லது வயலைத் தரிசாகப் போட்டிருப்போம். கொள்முதல் நிலையத்தில் போட்ட நெல்லுக்கான பணமும் நேரே வங்கிக் கணக்குக்குத்தான் வருகிறது. ஆகவே, தொகை சிறிதோ பெரிதோ, சாகுபடிச் செலவுக்கான பணத்தை வேறொரு வங்கியில் தனியே வைத்திருங்கள் என்பதையே நான் எல்லோரிடமும் வற்புறுத்துவேன்.

இன்னொன்று. அதே வங்கியில் நகைக்கடனோ பயிர்க்கடனோ பாக்கி இருந்தால், அதை வைப்பில் கழித்துக்கொள்ள வங்கிக்கு உரிமை உண்டு. கழித்தது போக உள்ள நிகரத் தொகைக்குத்தான் காப்பீடு கணக்கிடப்படும். நான்கு லட்சம் வைப்பும் ஒன்றரை லட்சம் கடனும் இருந்தால், கையில் வருவது இரண்டரை லட்சமாக இருக்கலாம்.

பாபநாசம் கூட்டுறவாளர் எழுதியது:

ஐந்து லட்சமா இருபது லட்சமா என்று பேசும் நண்பர்களிடம், ஒரு ரூபாய்க்குக்கூடக் காப்பீடு இல்லாதவர்களைப் பற்றிப் பேச விரும்புகிறேன்.

வணிக வங்கிகளும், மாநில, மாவட்ட மத்தியக் கூட்டுறவு வங்கிகளும், நகரக் கூட்டுறவு வங்கிகளும் இத்திட்டத்தில் அடங்கும். ஆனால் ஊருக்கு ஊர் இருக்கும் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கம் அடங்காது. பயிர்க்கடன், உரம், நகைக்கடன் என்று எல்லாவற்றுக்கும் நாம் போய் நிற்கும் அதே சொசைட்டி, உறுப்பினர்களிடமிருந்து வைப்பும் பெறுகிறது. மகளின் திருமணத்துக்கென்று சேர்த்ததை அங்கே போட்டிருக்கும் விவசாயத் தொழிலாளர் குடும்பங்கள் எத்தனையோ. சங்கத்தின் உபரிப் பணம் மத்தியக் கூட்டுறவு வங்கியில்தானே இருக்கிறது, அதற்குக் காப்பீடு உண்டே என்று சிலர் நினைக்கலாம். காப்பீட்டுக் கழகத்தின் பார்வையில் அங்கே சங்கம் ஒரே ஒரு வைப்பாளர். ஆயிரம் உறுப்பினர்களின் பணம் சேர்ந்திருந்தாலும் வரம்பு ஐந்து லட்சம்தான்.

கும்பகோணத்தைச் சுற்றி வேரூன்றியிருக்கும் நிதி நிறுவனங்களுக்கும் இதே நிலைதான். உறுப்பினர்களிடம் மட்டும் வைப்பு வாங்கிக் கடன் தரும் ‘நிதி’ கம்பெனிகளும், மற்ற நிதிநிறுவனங்களும், சீட்டுக் கம்பெனிகளும் இக்காப்பீட்டுக்கு வெளியே நிற்பவை. அவை ஏமாற்றினால் 1997-ஆம் ஆண்டின் தமிழ்நாடு முதலீட்டாளர் நலன் பாதுகாப்புச் சட்டத்தின்படி வழக்குத் தொடரலாம், சொத்துகளைப் பறிமுதல் செய்யலாம்; ஆனால் அது சொத்து கிடைத்தால் பங்கு பிரித்துத் தரும் ஏற்பாடு. உறுதியளிக்கப்பட்ட தொகையும் இல்லை, காலக்கெடுவும் இல்லை. ஆகவே வரம்பை உயர்த்துவதற்கு முன்பு, கூட்டுறவுச் சங்க வைப்புகளைப் பாதுகாப்பு வளையத்துக்குள் கொண்டுவருவதே நியாயமான முதல் கோரிக்கை.

காவிரிக்கரை (மயிலாடுதுறை) எழுதியது:

கூட்டுறவாளர் ஐயா எடுத்துக்காட்டிய இடைவெளி உண்மையானது. அதைக் காப்பீட்டால் அடைக்க வேண்டும் என்பதைத்தான் மறுக்கிறேன். வங்கி ஒழுங்குமுறைச் சட்டம் தொடக்க வேளாண்மைக் கடன் சங்கங்களுக்குப் பொருந்தாது. ரிசர்வ் வங்கி அவற்றை ஆய்வு செய்வதில்லை. யாருடைய கணக்கைப் பார்க்க அதிகாரம் இல்லையோ, அவருடைய கடனுக்குப் பிணை நில் என்று ஒரு கழகத்தைக் கேட்பது எப்படிச் சரியாகும்? இப்போதே அந்தக் கழகத்தின் காப்பீட்டு நிதிக்குப் பெரும்பகுதி பிரீமியம் வணிக வங்கிகளிடமிருந்து வருகிறது. அண்மைக் காலத்தில் இழப்பீடோ ஏறக்குறைய முழுவதும் நொடித்த கூட்டுறவு வங்கிகளின் வைப்பாளர்களுக்குப் போயிருக்கிறது. ஆய்வு முதலில் வரட்டும், காப்பீடு பின்னால் வரட்டும்.

மாநில அளவில் தனி நிதி அமைக்கலாம் என்று அடுத்து யாரேனும் சொல்லக்கூடும். கேரளத்தில் கூட்டுறவு வைப்பு உத்தரவாத நிதி இருந்தும், கருவன்னூர் கூட்டுறவு வங்கியின் மோசடி 2021-இல் வெளிப்பட்ட பிறகு, வைப்பாளர்கள் தங்கள் சொந்தப் பணத்துக்காக எவ்வளவு காலம் அலைந்தார்கள் என்பதை நாடே பார்த்தது.

பாபநாசம் கூட்டுறவாளர் எழுதியது:

கருவன்னூர் என் வாதத்துக்குத்தான் வலுச் சேர்க்கிறது, ஐயா. உத்தரவாத நிதி இருந்தும் அது உரிய நேரத்தில் வைப்பாளரின் கைக்கு வந்து சேரவில்லை என்பதுதான் அங்கே நடந்த கொடுமை. 2021 வரை தேசியக் காப்பீட்டுக்கும் அதே குறை இருந்தது. 90 நாள் கெடுவைச் சட்டத்தில் எழுதித்தான் அதைச் சரிசெய்தார்கள். வங்கிகளுக்குச் சரிசெய்ய முடிந்த ஒன்றைச் சங்கங்களுக்கு முடியாது என்று எப்படி முடிவு கட்டுவது?

ஆய்வு முதலில் வர வேண்டும் என்பதை முழுமனத்தோடு ஏற்கிறேன். அதற்கான வாசல் இப்போது திறந்திருக்கிறது. நாடு முழுவதும் 63,000 தொடக்க வேளாண்மைக் கடன் சங்கங்களைக் கணினிமயமாக்கும் திட்டத்துக்கு 2022 ஜூனில் மத்திய அமைச்சரவை 2,516 கோடி ரூபாய் ஒப்புதல் அளித்தது. கையெழுத்துப் பேரேட்டில் எதையும் அடித்து எழுதலாம் என்ற நிலை மாறி, சங்கத்தின் வைப்பும் கடனும் பொதுவான மென்பொருளில் பதிவாகும்போது, மாவட்ட மத்தியக் கூட்டுறவு வங்கியும் கூட்டுறவுத் தணிக்கைத் துறையும் அன்றாடம் பார்க்க முடியும். தணிக்கை அறிக்கையைக் காலத்தில் முடித்த சங்கங்களை மட்டும் முதல் கட்டமாகச் சேர்த்து, ஒருவருக்கு இரண்டு லட்சம் வரம்போடு தொடங்கலாம். பிரீமியத்தைச் சங்கமே கட்டட்டும். நூறு ரூபாய்க்கு 12 பைசா என்பது நம் சங்கங்களால் தாங்க முடியாத சுமையல்ல.

எங்கள் சங்கத்தின் அடுத்த பேரவைக் கூட்டத்தில் இரண்டு தீர்மானங்களை முன்மொழிய இருக்கிறேன். சங்க வைப்புகளுக்கு மத்தியக் காப்பீடு இல்லை என்பதை வைப்பு ரசீதிலேயே தமிழில் அச்சிட வேண்டும் என்பது முதலாவது. 90 நாள் கெடுவோடு கூடிய மாநில உத்தரவாத நிதி ஒன்றை அரசு அமைக்க வேண்டும் என்பது இரண்டாவது. மண்ணியாறு தம்பியும் திருவாரூர் அம்மையாரும் தங்கள் ஊர்ச் சங்கங்களில் இதே தீர்மானங்களை முன்வைக்க முன்வந்தால் வாசகத்தை இங்கேயே பதிவிடுகிறேன்.

காவிரிக்கரை (மயிலாடுதுறை) எழுதியது:

முதல் தீர்மானத்துக்கு என் ஆதரவு உண்டு. எங்கள் ஊர்ச் சங்கத்தில் நானே முன்மொழிகிறேன். இரண்டாவதில், தணிக்கை முடியாத சங்கம் புதிய வைப்பு வாங்கக் கூடாது என்ற ஒரு வரியையும் சேர்க்க வேண்டும். அது இல்லாமல் கையெழுத்திட எனக்கு மனம் வராது.