டிட்டா 1.3: இரண்டு மாடலுக்கும் ஒரே பெயர் அச்சாகிறது, உதவி தேவை

கேள்வி
வணக்கம். மோனோபிளாக் பம்ப் ரெண்டு மாடலுக்கும் சேர்த்து டிட்டாவுல (கையேட்டைத் துண்டுதுண்டா எழுதிக் கோக்கிற எக்ஸ்எம்எல் முறை) ஒரே கையேடு போடுறோம். பொருத்துற முறை ஒண்ணுதான், அதனால டாஸ்க் டாபிக் (செய்முறையைச் சொல்ற துண்டு) ஒரே ஃபைல். மாடல் பேரும் எம்சிபி (மின்சாரம் அதிகமானா தானா அணையுற சுவிட்ச்) ஆம்பியரும் மட்டும் கீரெஃப், அதாவது அந்த இடத்துல ஒரு கீ பேர்தான் இருக்கும், மதிப்பு வெளியில இருந்து வரும். ஒவ்வொரு மாடலுக்கும் தனி மேப் (டாபிக்குகளை வரிசைப்படுத்துற ஃபைல்), அந்தந்த மேப்புலயே கீ டெஃபினிஷன், அதாவது கீயோட மதிப்பு. தனித்தனியா பில்ட் பண்ணா சரியா வருது. மெயின் மேப்புல ரெண்டையும் கோத்தா, 0.5 எச்பி பகுதியிலயும் 1 எச்பி விவரமே வருது. எரரும் இல்லை. பெரிய எம்சிபி போட்டா சின்ன மோட்டாருக்குச் சரியான பாதுகாப்பு இருக்காது. இது அப்படியே அச்சுக்குப் போயிடுமோன்னு பயமா இருக்கு.

பதில் 1
ஃபைலை ரெண்டா காப்பி பண்ணிடுங்க, வேலை முடிஞ்சது.

பதில் 2
காப்பி வேண்டாம் சார். நாளைக்கு ஒரு ஸ்டெப் மாறினா ஒண்ணுல திருத்தி இன்னொண்ணுல விட்டுப்போகும். டாபிக்கைப் பிரிச்சு எழுதுறதே அதைத் தவிர்க்கத்தான்.

இது டூல்கிட் (பில்ட் பண்ற மென்பொருள்) கோளாறு இல்லை, விதியே அப்படி. மெயின் மேப்புக்குக் கீழ இருக்கிற எல்லாக் கீயும் ஒரே இடத்துல சேரும். ஒரே பேருல ரெண்டு இருந்தா முதல்ல வர்றதுதான் செல்லும். 1.2 வரைக்கும் இதுக்கு வழியே இல்லை. 2015 டிசம்பர்ல ஓயாசிஸ் (டிட்டா தரத்தை வெளியிடுற அமைப்பு) வெளியிட்ட 1.3லதான் கீஸ்கோப், அதாவது கீக்களுக்குத் தனித்தனி எல்லை போடுற வசதி, வந்துச்சு. மெயின் மேப்புல ரெண்டு மேப்ரெஃபுக்கும் (மாடல் மேப்பைக் கோக்கிற வரி) வேற வேற கீஸ்கோப் பேர் கொடுங்க. டாபிக்கைத் தொட வேண்டாம்.

கேட்டவர்
கொடுத்தேன் சார். எம்சிபி ஆம்பியர் சரியாயிடுச்சு. மாடல் பேர் இருக்க வேண்டிய இடத்துல ரெண்டு பகுதியிலயும் வெறும் "பம்ப்"னு வருது!

பதில் 2
மெயின் மேப்புலயும் அதே கீயை டீஃபால்ட்டா வச்சிருக்கீங்களா?

கேட்டவர்
ஆமா, மாடல் பேருக்கு மட்டும். கீஸ்கோப் கொடுத்தப்போ முன்னுரைக்காகச் சேர்த்தது.

பதில் 2
அதான். புரோகிராமிங்ல உள்ள இருக்கிறது வெளியில இருக்கிறதை மறைக்கும்; டிட்டாவுல நேர்மாறு, மேல் ஸ்கோப்தான் ஜெயிக்கும். நிறைய பேர் மாட்டுற இடம் இது. அந்த டீஃபால்ட்டை எடுத்துடுங்க. முன்னுரையில மாடல் பேர் வேணும்னா ஸ்கோப் பேர், புள்ளி, கீ பேர்னு சேர்த்து கீரெஃப்ல எழுதுங்க.

கேட்டவர்
வந்துடுச்சு! ரெண்டு மாடல் பேரும், ரெண்டு ஆம்பியரும் சரி. அடுத்து எச்டிஎம்எல் பக்கமா எடுக்கணும். அதுலயும் இதே டாபிக்தானே, ரெண்டாவது மாடலோட பக்கம் முதலாவது மேல எழுதிடாதா?

பதில் 2
ரெண்டாவது மாடல் மேப்புல டாபிக்ரெஃபுல (டாபிக்கைக் கூப்பிடுற வரி) காப்பி-டு போட்டு, வெளியீட்டுக்கு மட்டும் வேற ஃபைல் பேர் கொடுங்க. லிங்க் எந்தப் பக்கத்துக்குப் போகுதுன்னு மட்டும் ஒரு தடவை கிளிக் பண்ணிப் பாருங்க.