காரைக்குடியில் இன்டர்ன்ஷிப்: 12 வாரத்தை ஒரே மூச்சில் முடிக்கலாமா?

கேள்வி: மூணு வருஷ எல்எல்பி (சட்டப் படிப்பு) படிக்கிறேன் அண்ணே. காரைக்குடி கோர்ட்ல ஒரே சீனியர் வக்கீலிடம் கட்டாய இன்டர்ன்ஷிப் (பயிற்சி) 12 வாரமும் சேர்த்து முடிச்சிடலாமா?

பதில் 1: முடியாது தம்பி. பார் கவுன்சிலின் (வக்கீல் தொழிலையும் சட்டப் படிப்பையும் முறைப்படுத்தும் அமைப்பு) 2008 விதிப்படி எந்த வருஷமும் தொடர்ச்சியா 4 வாரத்துக்கு மேல் கூடாது. விசாரணை நீதிமன்ற வக்கீல், மேல்முறையீட்டு வக்கீல், ரெண்டு பேரிடமும் ஒரு தடவையாவது இருந்தாகணும். முன்னது காரைக்குடி, தேவகோட்டையிலேயே ஆகும். பின்னதுக்கு ஹைகோர்ட் மதுரைக் கிளை வக்கீலைப் பாருங்க. மே மாசத்தை நம்பாதீங்க, சிவில் கோர்ட் விடுமுறை.

பதில் 2: இன்டர்ன்ஷிப் டைரியிலதான் பலரும் கோட்டை விடுறாங்க. தேதி, வழக்கு எண், அன்னைக்கு நடந்தது குறுக்கு விசாரணையா வெறும் வாய்தாவா, எல்லாம் அன்றன்றே எழுதி, வாராவாரம் சீனியர் கையெழுத்து வாங்குங்க. கடைசியில மொத்தமா எழுதினா வைவாவில் (வாய்மொழித் தேர்வு) ஒரு கேள்விக்கும் நிக்காது. ஒரு சிவில், ஒரு கிரிமினல் விசாரணையைப் பார்த்து எழுதும் பதிவுக்குத் தனியா 30 மார்க் இருக்கு.