கடல்வழி சென்று திருப்பி அனுப்பப்பட்டோரின் வழக்குகள்: உறவினர்களின் அனுபவங்கள்

பருத்தித்துறையிலிருந்து ஓர் உறுப்பினர்:

அவுஸ்திரேலியாவுக்கெனப் படகேறி, கடலிலேயே தடுக்கப்பட்டு, விமானத்தில் கட்டுநாயக்கவுக்குத் திருப்பி அனுப்பப்பட்ட என் தங்கையின் மகனுக்காக நீர்கொழும்பு நீதவான் நீதிமன்றத்தில் ஆட்பிணை நின்றவன் நான். "பிடிபட்டால் திருப்பி அனுப்புவார்கள், வேறொன்றும் செய்யமாட்டார்கள்" என்றே ஏஜென்சிக்காரர் அவனிடம் கூறியிருந்தார். உண்மை அவ்வாறன்று. இலங்கையின் 1948ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கக் குடிவரவு, குடியகல்வுச் சட்டத்தின்படி, அங்கீகரிக்கப்பட்ட துறைமுகமோ விமான நிலையமோ அல்லாத ஓரிடத்திலிருந்து நாட்டை விட்டுப் புறப்படுவதே குற்றமாகும். வேறெந்த நாட்டு மண்ணையும் மிதிக்காதவர்மீதும் வழக்கு உண்டு. 5 ஆண்டுகள் வரையான சிறையும் 2 இலட்சம் ரூபா வரையான தண்டப்பணமும் விதிக்கப்பட இடமிருக்கிறது.

விமான நிலையத்தில் குடிவரவு அதிகாரிகளும் அரச புலனாய்வுத் துறையினரும் பொலிஸ் குற்றப் புலனாய்வுப் பிரிவினரும் (சி.ஐ.டி.) மாறி மாறி விசாரித்து, வாக்குமூலமும் கைரேகையும் எடுத்த பின்னரே அவன் நீதவான் முன் நிறுத்தப்பட்டான். பயணியாக மட்டும் சென்றவர்கள் பெரும்பாலும் சிறைக்கு அனுப்பப்படுவதில்லை. குற்றத்தை ஒப்புக்கொண்டால் தண்டப்பணம், மறுத்தால் பிணை என்பதே நடைமுறை. ஆனால், பிணையில் வந்தவரின் வழக்கு ஆண்டுக்கணக்கில் இழுபடும்போது, ஒவ்வொரு தவணைக்கும் இரவு பஸ் ஏறி வடமராட்சியிலிருந்து நீர்கொழும்புக்குப் போய்வர வேண்டியிருக்கிறது. தொழிலுக்குப் போகாத நாளில் வீட்டில் வருமானமும் இல்லை. படகை ஒழுங்குசெய்தவர்களுக்கு எதிரான வழக்கில் சாட்சியாக அழைக்கப்பட்டாலும் போகத்தான் வேண்டும். படகுப் பயணத்துக்காகக் காணி உறுதியை ஈடுவைத்துப் பெற்ற கடனுக்கு மேல் இந்தச் செலவும் ஏறியதுதான் தங்கையின் குடும்பத்தை நொடிந்துபோகச் செய்தது. தண்டப்பணத்தின் தொகையை மட்டும் கேட்டு இச்சட்டத்தை இலேசாக எண்ணுவோர் இதனையும் கணக்கில் எடுக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறேன்.

குருநகரிலிருந்து ஓர் உறுப்பினர்:

ஐயா எழுதியது பயணிகளின் நிலை. எங்கள் பக்கத்துக் கடற்றொழிலாளர் இளைஞர்களுக்கு இதைவிடப் பெரிய ஆபத்து இருக்கிறது. "நீ காசு தர வேண்டாம், வள்ளத்தை ஓட்டிக்கொண்டு வந்தால் போதும்" என்று என் நண்பர் ஒருவரிடம் கேட்டார்கள். நல்ல வேளையாக அவர் மறுத்துவிட்டார். சுக்கானைப் பிடிப்பவரைச் சட்டம் பயணியாகக் கொள்வதில்லை, ஆட்கடத்தலுக்குத் துணைபோனவராகவே கொள்கிறது. அத்தகையவருக்கு இங்கே பிணை கிடைப்பதும் அரிது. அவுஸ்திரேலியாவின் 1958ஆம் ஆண்டுக் குடிவரவுச் சட்டத்தில் ஆட்கடத்தலுக்கு 10 ஆண்டுகள் வரையும், ஏற்றிச் சென்றவர்கள் ஐவர் அல்லது அதற்கு மேற்பட்டவராயின் 20 ஆண்டுகள் வரையும் சிறை உண்டு.

காரைநகரிலிருந்து ஓர் உறுப்பினர்:

உயிரச்சத்தால் ஓடியவரையும் உழைப்புக்காகச் சென்றவரையும் எங்கள் நாட்டுச் சட்டம் பிரித்துப் பார்க்காதது எனக்கு நியாயமாகப் படவில்லை. உயிருக்கு அச்சமுள்ள இடத்திலிருந்து நேரே வந்து, தாமதமின்றித் தம்மை வெளிப்படுத்தும் அகதிகளைச் சட்டவிரோதமாக நுழைந்ததற்காகத் தண்டிக்கக்கூடாது என்று 1951ஆம் ஆண்டின் அகதிகள் சாசனத்தின் 31ஆம் உறுப்புரை கூறுகிறது. ஆனால், அது வேறு நாட்டுக்குள் நுழைவதைப் பற்றியதே, சொந்த நாட்டிலிருந்து புறப்படுவதைப் பற்றியதன்று; இலங்கையும் அச்சாசனத்தில் இணையவில்லை. அவுஸ்திரேலியாவுக்குப் படகேறிய என் அயலவரின் மகன் அந்த அச்சத்தை முதல் விசாரணையில் சொல்லத் தயங்கியதால், பின்னர் சொன்னபோது அந்நாட்டு அதிகாரிகள் நம்பவில்லை. திரும்பி வந்தபின் சட்டத்தரணிக்குக் கொடுக்கவும் அவர்களிடம் பணம் இருக்கவில்லை. யாழ்ப்பாணத்திலுள்ள சட்ட உதவி ஆணைக்குழுவின் அலுவலகத்தை நாடும்படி அவர்களுக்குச் சொன்னேன். வருமானம் குறைந்தவர்களுக்கு அங்கே கட்டணமின்றி ஆலோசனை கிடைக்கும். குற்றத்தை ஒப்புக்கொள்வதா மறுப்பதா என்பதை நீதிமன்ற வாசலில் அல்ல, அதற்கு முன்னரே ஒரு சட்டத்தரணியுடன் பேசித் தீர்மானிப்பது நல்லது.