புதுப்பிப்பு: எங்கள் லயத்துக்கு ஒரு வரைபடம்

நிலச்சரிவு வரைபடத்தை மூணாறு பக்கம் எங்கள் லயத்து (தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகள்) ஆட்களுக்கு எப்படிப் புரியவைப்பது என்று போன மாதம் கேட்டிருந்தேன். இந்தியப் புவியியல் ஆய்வு நிறுவனத்தின் வரைபடம் 1:50,000 அளவு. ஒரு சென்டிமீட்டரில் அரை கிலோமீட்டர் அடங்கிவிடும், எங்கள் வீட்டு வரிசையே தெரியாது. சரி என்று சார்ட் பேப்பரில் நாங்களே பெரிதாக வரைந்தோம். கொழுந்து பறிக்கும் அக்காமார்தான் ஓடைகளைக் காட்டினார்கள். ஒரு பாட்டி பென்சிலை வாங்கி, கோயிலுக்கு மேலே புள்ளி வைத்தார். "இந்த ஊத்து கலங்கலா வந்தா படுக்காதீங்க, கிளம்பிருங்க." அதைச் சிவப்பில் வட்டமிட்டோம். ஓடையைக் கடக்காமல் பள்ளிக்கூடம் போகும் வழி பச்சை. 2020 ஆகஸ்ட் 6 இரவு மூணாறு பக்கத்துப் பெட்டிமுடியில் நிலச்சரிவில் 70 பேரைப் பறிகொடுத்தோமே, அதனால் இருட்டில் யார் யாரை எழுப்புவது என்றும் எழுதிவிட்டோம். அப்புறம், மழைக்கு முன் வரைபடத்துக்குப் பிளாஸ்டிக் உறை போடவேண்டும்.