புதுப்பிப்பு: கோலாலம்பூர் 4 நாள் போய்ட்டு வந்தாச்சு

நானும் வீட்டுக்காரம்மாவும் போறோம், விசா வேணுமா, பத்துமலை முருகன் கோயிலுக்கு டாக்சியா ரயிலான்னு கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி. தண்டையார்பேட்டைக்குத் திரும்பி ரெண்டு நாள் ஆச்சு.

விசா கேட்கல. ஆனா டிஜிட்டல் வருகை அட்டையை, இறங்குறதுக்கு முந்தின 3 நாளுக்குள்ள நிரப்பிடுங்கன்னு ஒரு அண்ணன் சொன்னாரே, அதுதான் காப்பாத்துச்சு. நிரப்பாம வந்த ஒரு குடும்பம் வரிசையை விட்டு ஒதுங்கி போனை நோண்டிட்டு நின்னாங்க.

பத்துமலைக்கு ரயில்தான் சரி. கோலாலம்பூரோட பெரிய ரயில் நிலையம் கேஎல் சென்ட்ரல்ல ஏறினா கடைசி ஸ்டேஷன், இறங்கினா கோயில் பக்கத்துலயே. 272 படி, வெயிலுக்கு முன்னாடி ஏறிட்டோம். யாரும் சொல்லாத விஷயம் குரங்கு! பாதிப் படியில அவ கைப்பையில இருந்து முறுக்குப் பாக்கெட்டை உருவி, கைப்பிடிச் சுவர்ல உக்காந்து எங்களைப் பார்த்துக்கிட்டே நொறுக்குச்சு. நம்ம தெருமுனைக் கடை முறுக்கு, ருசி தெரிஞ்ச குரங்கு.

இரட்டைக் கோபுரத்துல திங்கட்கிழமை மேல ஏத்த மாட்டாங்க. நாங்க போனது திங்கட்கிழமை. கீழ நின்னு போட்டோவோட சரி, அவ இன்னும் பேசல.

அங்க பிளக்கு மூணு சதுர முள்ளு. அடாப்டரை பர்மா பஜார்லயே வாங்கிட்டுப் போங்க.