உள்ளங்கையில் எழுதிய பெயர்

ஸ்தோத்திரம். தேவனுடைய அன்பு எப்போது உங்களுக்கு நிஜமாகப் புரிந்தது என்று கேட்டிருந்தீர்கள். பிறந்ததிலிருந்து ஆலயத்துக்குப் போய் வருகிறவள் நான். தேவன் உலகத்தில் அன்புகூர்ந்ததைச் சொல்கிற யோவான் 3:16 வசனத்தை எழுதப் படிக்கத் தெரிவதற்கு முன்பே ஒப்பிப்பேன். ஆனாலும் எனக்கு அது புரிந்தது அம்மாவின் கையைக் கழுவிவிட்ட ஒரு சாயங்காலத்துக்குப் பிறகுதான். கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அம்மா பல வருஷம் ஞாயிறு பள்ளி ஆசிரியை. எனக்கு மனப்பாட வசனம் சொல்லிக்கொடுத்ததும் அவள்தான். மறதி நோய் ஆரம்பித்த நாட்களில் அது மற்றவர்களுக்குத் தெரியக்கூடாது என்று என்னென்னவோ செய்தாள். மாத்திரை சாப்பிட வேண்டிய நேரம், அடுப்பை அணைக்க வேண்டும் என்பது, வீட்டுச் சாவி இருக்கும் இடம், எல்லாவற்றையும் பால்பாயிண்ட் பேனாவால் இடது உள்ளங்கையில் எழுதிவைத்துக்கொள்வாள். ஒருநாள் வேலை முடிந்து வந்து கை கழுவ அழைத்துப் போனேன். விரல்களைப் பிரித்தால் உள்ளே என் பெயர். அதன் கீழே "மகள்" என்று எழுதி, இரண்டு தடவை கோடு போட்டிருந்தாள். எழுத்தெல்லாம் நடுங்கியிருந்தது. சோப்பைப் போட்டதும் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். "வேண்டாம், அழிஞ்சிடும்" என்றாள்.

நான் கழுவிவிட்டேன். திரும்ப எழுதிக்கொள்ளலாம், என்ன பெரிய விஷயம் என்று நினைத்தேன்.

அடுத்த வாரத்திலேயே ஒரு காலையில் என்னைப் பார்த்து, "நீங்க யாரு?" என்று கேட்டாள். நோய் என்று தெரியும், மருத்துவர் முன்பே சொல்லியிருந்தார். ஆனால் அந்த "நீங்க" இருக்கிறதே, அதுதான் என்னை உடைத்துப் போட்டது. பெற்ற மகளை அவள் ஒருநாளும் "நீங்க" என்று சொன்னதில்லை. வெளியாளிடம் காட்டுகிற மரியாதையை என்னிடம் காட்டினாள்.

அன்று ராத்திரி ஜெபிக்கவில்லை, சண்டை போட்டேன். வாழ்நாளெல்லாம் உம்மைப் பாடினவள், இப்போது உமது பெயரையே மறந்துகொண்டிருக்கிறாள், இவளை எப்படிக் கைவிடலாம் என்று கேட்டேன். அப்புறம் அவளுடைய பழைய வேதாகமத்தைத்தான் எடுத்தேன். ஏசாயா 49ஆம் அதிகாரத்தில் பென்சில் கோடு இருந்தது. "ஸ்திரீயானவள் தன் கர்ப்பத்தின் பிள்ளைக்கு இரங்காமல், தன் பாலகனை மறப்பாளோ?" சின்ன வயதில் அவளே சொல்லிக்கொடுத்த வசனம். "மறக்கவே மாட்டாள்" என்பதுதான் பதில் என்று நான் இத்தனை வருஷமும் நினைத்திருந்தேன். தாயன்பு மாதிரி தேவ அன்பு, அவ்வளவுதானே என்று. அடுத்த வரியை ஒழுங்காக வாசித்ததே இல்லை. "அவர்கள் மறந்தாலும், நான் உன்னை மறப்பதில்லை."

மறந்தாலும் என்று இருக்கிறது. தாயும் மறக்கக்கூடும் என்று ஆண்டவருக்குத் தெரிந்திருக்கிறது. என் வீட்டில் நடந்தது அந்த வசனத்துக்கு விரோதமாக நடந்தது அல்ல, அந்த வசனத்துக்குள்ளேயே இருந்தது.

அதற்கு அடுத்த வசனம்: "இதோ, என் உள்ளங்கைகளில் உன்னை வரைந்திருக்கிறேன்." படித்ததும் வேதாகமத்தை மடியில் வைத்துவிட்டு ரொம்ப நேரம் அழுதேன். இந்த இடத்தில் எபிரெயுவில் இருக்கிற சொல்லுக்குச் செதுக்குவது, வெட்டிப் பொறிப்பது என்ற பொருள் உண்டு. மையால் எழுதியது இல்லை, சோப்பு போட்டால் போகாது. இயேசு உயிர்த்தெழுந்த பிறகும், சந்தேகப்பட்ட சீஷன் தோமாவுக்குக் காட்ட அந்தக் கைகளில் ஆணிக்காயம் இருந்ததே, அதுவும் அப்போது நினைவுக்கு வந்தது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அதே வசனத்தில் "உன் மதில்கள் எப்போதும் என்முன் இருக்கிறது" என்று வருகிறது. இந்த ஆறுதல் பேசப்படுவது பாபிலோனியர் எருசலேமை இடித்துப்போட்ட சூழலில். "ஆண்டவர் என்னை மறந்தார்" என்று சீயோன், அதாவது எருசலேம், புலம்புகிறது, அதற்கு மறுமொழியாகத்தான் இதெல்லாம் வருகிறது. மதில் இடிந்து கிடக்கிறது, அவர் கண் முன்னாலோ அது நிற்கிறது. என் அம்மாவும் அப்படித்தான் அவர் முன்னால் இருக்கிறாள் என்று நம்புகிறேன். எனக்கு உள்ளுக்குள் இருந்த பெரிய பயம் அவளுடைய விசுவாசம் என்னாகும் என்பது. கலாத்தியா சபையாருக்குக் கடிதம் எழுதும்போது அப்போஸ்தலன் பவுல், நீங்கள் தேவனை அறிந்திருக்கிறீர்கள் என்று ஆரம்பித்து, உடனே அதைத் தாண்டிப் போய், தேவனால் அறியப்பட்டிருக்கிறீர்கள் என்கிறார். அவள் அவரை அறிந்திருந்த நாட்கள் முடிந்துகொண்டு வரலாம். அவர் அவளை அறிந்திருப்பது அவளுடைய மூளையை நம்பி இல்லை.

* * *

சகோதரி, வாசித்து முடித்துவிட்டுக் கொஞ்ச நேரம் எதுவும் எழுத முடியவில்லை. என்னுடையது உங்களைப் போன்ற சாட்சி இல்லை. நான் குடித்துக் கெட்டவன். பதினோரு வருஷம் ஆலயப் பக்கமே போகாமல், வீட்டாரை அழவைத்து, கடைசியில் போக்கிடம் இல்லாமல் திரும்பினேன். திரும்புவதற்கு முன்னால் ஒரு தாளில் எழுதிவைத்தேன். தினமும் இத்தனை மணி நேரம் ஜெபம், வாரத்தில் ஒரு நாள் உபவாசம், யாரிடமெல்லாம் மன்னிப்பு கேட்க வேண்டும் என்று இரண்டு பக்கம் நிறைய. ஆண்டவர் என்னைச் சேர்த்துக்கொள்ள வேண்டுமானால் இதையாவது கொண்டுபோக வேண்டும் என்று நினைத்தேன்.

லூக்கா 15இல், சொத்தை வாங்கிக்கொண்டு போய் அழித்துவிட்டு அப்பாவிடம் திரும்புகிற இளைய மகனும் இப்படித்தான் வழியிலேயே பேச்சைத் தயார் பண்ணுகிறான். கடைசி வரி, "உம்முடைய கூலிக்காரரில் ஒருவனாக என்னை வைத்துக்கொள்ளும்." 19ஆம் வசனத்தில் அது இருக்கிறது. 21ஆம் வசனத்தில் அப்பாவிடம் பேசும்போது பாருங்கள், மற்றதெல்லாம் வருகிறது, அந்த வரி மட்டும் வரவில்லை. அவன் அந்த வரிக்கு வருவதற்குள் அப்பா வேலைக்காரரிடம் வஸ்திரம், மோதிரம், பாதரட்சை என்று பேச ஆரம்பித்துவிட்டார். அதற்கு முன்னாலேயே, தூரத்தில் வரும்போதே ஓடிப்போய்க் கழுத்தைக் கட்டி முத்தமிட்டாயிற்று. மன்னிப்பு கேட்ட பிறகு அணைத்துக்கொண்டார் என்றே நான் நினைத்திருந்தேன், வரிசையை மாற்றி வாசித்திருக்கிறேன்.

போதகரிடம் அந்தத் தாளை வாசிக்கத் தொடங்கினேன். முதல் பக்கம் முடிவதற்குள் எழுந்து வந்து தோளில் கை போட்டார். இரண்டாம் பக்கத்தை இதுவரை யாருக்கும் வாசிக்கவில்லை. மன்னிப்பு கேட்க வேண்டியவர்களிடம் போய்க் கேட்டேன், அது வேறு. ஆனால் சேர்த்துக்கொள்வதற்குக் கொடுக்கிற விலையாகக் கேட்கவில்லை. அந்த வித்தியாசம் எனக்கு ராத்திரி தூக்கத்தைத் திருப்பிக் கொடுத்தது.

* * *

மன்னிக்க வேண்டும், நான் வேறு மாதிரி எழுதப் போகிறேன். எங்கள் மகன் நான்கு வயதில் போய்விட்டான். எத்தனையோ பேர் கைவைத்து ஜெபித்தார்கள். அதற்குப் பிறகு யாராவது "தேவன் அன்பாகவே இருக்கிறார்" என்றால் எனக்குத் தொண்டை அடைக்கிறது, கோபமும் வருகிறது. விட்டுப் போகவும் முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமை போய்க் கடைசி வரிசையில் உட்காருகிறேன், பாடுவதில்லை. உங்கள் சாட்சிகள் எல்லாம் உண்மை என்றே நினைக்கிறேன். எனக்கு இன்னும் அப்படி எதுவும் நடக்கவில்லை.

* * *

சகோதரரே, நீங்கள் எழுதியது தவறே இல்லை. பெத்தானியாவில் லாசரு இறந்தபோது அவனுடைய சகோதரிகள் மார்த்தாள், மரியாள் இரண்டு பேரும் இயேசுவிடம் தனித்தனியாகச் சொன்ன முதல் வார்த்தை ஒன்றுதான்: நீர் இங்கே இருந்திருந்தால் என் சகோதரன் மரித்திருக்கமாட்டான். அவர்கள்மேல் அன்பாயிருந்தார் என்று எழுதின அதே யோவான்தான், செய்தி கிடைத்தும் இரண்டு நாள் தாமதித்தார் என்றும் எழுதுகிறார். எனக்கு இதற்கு விளக்கம் சொல்லத் தெரியாது, சொல்கிறவர்களையும் இப்போதெல்லாம் நான் அதிகம் கேட்பதில்லை. ஆனால் அந்த வார்த்தைக்காக அவர் இரண்டு பேரையும் கடிந்துகொள்ளவில்லை. மரியாள் அழுததைப் பார்த்து அவரும் கண்ணீர் விட்டார். இன்னும் சில நிமிஷத்தில் லாசரு எழுந்து வரப்போகிறான் என்று தெரிந்தும் அழுதார். என் கணவர் இறந்த வருஷம் முழுக்க என்னால் ஜெபிக்க முடிந்தது 88ஆம் சங்கீதம் ஒன்றுதான். அது ஆறுதல் இல்லாமலேயே முடிகிறது. அதையும் வேதத்தில் வைத்திருக்கிறாரே என்று நினைத்துக்கொள்வேன். கடைசி வரிசையில் பாடாமல் உட்காருங்கள். உங்கள் பங்குக்கு நாங்கள் பாடுகிறோம்.

* * *

முதலில் எழுதியவள்தான் மறுபடி வந்திருக்கிறேன். மகனைப் பறிகொடுத்த சகோதரருக்கு ஒன்று சொல்லட்டும். எனக்குப் புரிந்துவிட்டது என்று எழுதினேனே, அதனால் எல்லாம் சரியாகிவிட்டது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். அம்மாவின் நோய் குறையவில்லை. சில ராத்திரி இப்போதும் சண்டை போடுகிறேன். கையில் வரையப்பட்டிருக்கிறவள் என்ற தைரியத்தில்தான் சண்டையே போடுகிறேன், அவ்வளவுதான் மாறியிருக்கிறது. உங்கள் பிள்ளையின் பெயரும் அந்தக் கையில் இருக்கிறது என்று நம்பி இன்று ஜெபித்தேன்.

அம்மாவால் இப்போது பேனா பிடிக்க முடியாது. அதனால் காலையில் கை கழுவித் துடைத்த பிறகு நானே எழுதிவிடுகிறேன், இடது உள்ளங்கையில், கீழே "மகள்" என்று சேர்த்து. இன்றைக்கு எழுத்துகளின் மேல் விரலை வைத்து ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தாள். "இது யாரு பேரு?" என்று கேட்டாள்.

"உன் மக பேரும்மா."

"நல்ல பேரு" என்று சொல்லிக் கையை மூடிக்கொண்டாள்.