கேம்பிசம்: முகாம்வாதமா, அணிவாதமா?

தோழர்களுக்கு வணக்கம். ஓர் அரசு எந்த வல்லரசு அணியில் இருக்கிறது என்று மட்டும் பார்த்து அதை ஆதரிக்கும் போக்கைத்தான் ஆங்கிலத்தில் 'கேம்பிசம்' (campism) என்கிறார்கள். நம் துண்டறிக்கையில் இதற்குத் தமிழில் என்ன சொல் போடுவது என்ற பேச்சில் உங்களிடமிருந்து வந்த யோசனை இது:

> 'முகாம்வாதம்' என்றே வைத்துவிடலாம். நேர்ச்சொல், யாருக்கும் புரியும்.

புரியும், ஆனால் எங்கள் பக்கம் வேறு மாதிரி புரியும். துண்டறிக்கை வரைவைப் பாம்பனில் வாசித்துக்கொண்டிருந்தேன். வலையில் பொத்தல் அடைத்துக்கொண்டே கேட்ட ஒருவர், "முகாம்னா, மண்டபமா?" என்றார். அவர் கேட்டதில் தப்பே இல்லை. அங்கே ரயில் நிலையத்துக்கே 'மண்டபம் கேம்ப்' என்றுதான் பெயர். 1983க்குப் பிறகு கடல் கடந்து வந்த ஈழத்தமிழர்களைத் தங்கவைத்த இடம். ராமநாதபுரம் கரையில் முகாம் என்றால் அகதி முகாம், அவ்வளவுதான். 'பாசறை'யும் வேண்டாம், அதைக் கட்சிகள் எப்போதோ எடுத்துக்கொண்டுவிட்டன.

என் ஓட்டு அணிவாதத்துக்கு. 'அணிசேரா நாடுகள்' பள்ளிக்கூடத்திலேயே படித்த சொல். 1947இல் கோமின்ஃபார்ம் (ஐரோப்பியக் கம்யூனிஸ்ட் கட்சிகளின் கூட்டமைப்பு) தொடக்கக் கூட்டத்தில் சோவியத் தலைவர்களில் ஒருவரான ஜ்தானோவ் உலகத்தை ஏகாதிபத்திய அணி, ஏகாதிபத்திய எதிர்ப்பு அணி என்று இரண்டாக வகுத்தாரே, அங்கேயும் பொருந்துகிறது.

சொல்லை விடுங்கள், விளக்கம்தான் உறுத்துகிறது. துண்டறிக்கை வரைவில் இந்தச் சொல்லுக்கு 'வல்லரசு அணி ஒன்றை ஆதரித்தல்' என்று பொருள் போட்டிருக்கிறீர்கள். ஹிட்லருக்கு எதிராகச் சோவியத்தை ஆதரித்தவர்களும் அப்போது இதில் அடங்கிவிடுவார்கள். ஓர் அரசு தன் மக்களை என்ன பாடு படுத்துகிறது என்று பார்க்காமல், அது அமெரிக்காவுக்கு எதிரியா என்று மட்டும் பார்த்து முடிவெடுப்பதுதான் அணிவாதம்.

2009 மே 27ஐ இந்தக் கரையில் யாரும் மறக்கவில்லை. முள்ளிவாய்க்கால் முடிந்து பத்து நாள்கூட ஆகவில்லை. ஐ.நா. மனித உரிமை மன்றத்தில் இலங்கை அரசுக்குச் சாதகமான தீர்மானம் 29-12 என்று நிறைவேறியது. ஆதரித்தவர்களில் சீனா, ரஷ்யாவோடு கூபாவும் பொலிவியாவும் உண்டு. (இந்தியாவும் கைதூக்கியது, அது வேறு கணக்கு.) சே படம் போட்ட பனியனோடு திரிந்த எங்கள் பையன்களுக்கு அன்றைக்குப் பேச்சே வரவில்லை. விசாரணை கேட்பது மேற்கு நாடுகள், எனவே எதிர்க்க வேண்டும் என்று அதற்கும் நியாயம் சொன்னவர்கள் இருந்தார்கள்.

அப்புறம், 1940இல் அமெரிக்க மார்க்சியர் மேக்ஸ் ஷாக்ட்மன் தரப்பு முன்வைத்த, எந்த வல்லரசு அணியோடும் சேராத நிலைப்பாட்டை (third camp) 'மூன்றாம் அணி' என்றால் தேர்தல் கூட்டணி ஞாபகம்தான் வரும். அவர்கள் சொன்னது தொழிலாளர்களை. 'உழைப்போர் அணி' என்றே போடலாமே?

மறுமொழி:

அண்ணே, அணிவாதம் சரி. ஆனால் 'அணிவாதி' என்று மொட்டையாகப் போட்டால் கட்சிக்குள் கோஷ்டி சேர்ப்பவர் என்று எடுத்துக்கொள்வார்கள். முதலில் வருமிடத்தில் 'வல்லரசு அணிவாதம்' என்று எழுதிவிட்டு, பிறகு சுருக்கிக்கொள்ளலாம்.

விளக்கத்தில் அமெரிக்காவை மட்டும் சொல்லாதீர்கள். ரஷ்யா உக்ரைனுக்குள் நுழைந்தது தப்பு என்பதோடு நிறுத்தாமல் நேட்டோவுக்கே கைதட்டக் கிளம்பிய இடதுசாரிகளை எங்கே வைப்பது? 'எந்த அணியில் இருக்கிறது என்பதை மட்டும் பார்த்து' என்று மாற்றிவிடுங்கள். 'உழைப்போர் அணி'யைக் கட்சிகளின் தொழிலாளர் அணியோடு குழப்பிக்கொள்வார்கள், அதை அடுத்த சுற்றில் பேசுவோம். மற்ற இடங்களில் 'முகாம்' வந்ததை நானே திருத்தி இன்று இரவு அனுப்புகிறேன்.